ஒன்றரை முழம் கூடுதலான தொட்டி

1

இந்தக் கதை ஒரே வாக்கியமாக என்னிடம் வந்து சேர்ந்தது. மலாக்காவின் கிளேபாங் கடற்கரையோரம் ஒரு சாப்பாட்டுக் கடையில் எதிரே உட்கார்ந்திருந்த சீதா என்ற அம்மாள், மீனில் முள் எடுத்துக்கொண்டே சொன்னார்: "எங்கப்பா ஒரு தடவ லோரியோட அந்தரத்துல தொங்கிட்டு எறங்குனாரு." அப்பாவின் பெயர் நல்லையா, காஜா பெராங்கில் பட்டறை வைத்திருந்தார், அது மெர்டேக்கா வருஷம், மலாயா சுதந்திரம் பெற்ற வருஷம். அதற்குள் சீதாவை அழைத்துப்போக அவர் மகன் வந்துவிட்டான். மீதியெல்லாம் நான் பூட்டியது. எங்காவது ஆடினால் பழி என்னுடையது.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'காலைச் சூரியன் மலாக்கா ஆற்றைப் பொன்னாக்கிக்கொண்டிருந்த வேளையில் நல்லையா...'

(அடித்துவிட்டேன். நல்லையா அந்த வேளையில் லோரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். அங்கிருந்து ஆறு தெரியாது.)

போர் முடிந்து ராணுவம் விட்டுப்போன பழைய லோரி அது. மேலே ஒன்றுமில்லை, முன்னால் ஓட்டுநர் அறை, பின்னால் வெறும் இரும்புச் சட்டம். வாங்கியவர் சிஹாபுதீன், ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் மளிகைக் கடை நடத்தி நொடித்தவர். வேறொரு பெரிய லோரியில் கழற்றிய, மண் கொட்டும் தொட்டி ஒன்றையும் கொண்டுவந்து இறக்கியிருந்தார். தொட்டியைச் சட்டத்தில் பூட்ட வேண்டும். ஆனால் அது ஒன்றரை முழம் கூடுதல். பின்சக்கரத்தைத் தாண்டி வால்போல நீட்டிக்கொண்டிருந்தது.

வெட்டியாக வேண்டும் என்றார் நல்லையா. மண்ணோடு தொட்டியைத் தூக்கினால் பாரமெல்லாம் வாலுக்குப் போய் முன்பக்கம் எழும்பிவிடும். வெட்டவே கூடாது என்றார் சிஹாபுதீன். ஒரு திடலைச் சமப்படுத்த மண் அடிக்கும் கான்டிராக்டர் பெரிய தொட்டி உள்ள லோரியைத்தான் வேலைக்குச் சேர்ப்பானாம். இதுவும் போனால் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது? இருவரும் சத்தம் போட்டுக்கொண்டார்கள், பிறகு பேச்சே நின்றுபோனது.

(சிஹாபுதீனை முதல் வரைவில் பேராசைக்காரர் ஆக்கியிருந்தேன். வசதியாக இருந்தது. ஆனால் அவர் பயந்துபோன மனிதர். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றன.)

3

நல்லையா விட்டுக்கொடுத்தார். சட்டத்தின் மேல் கெட்டி மரக்கட்டைகளைப் பரப்பி, தொட்டியை ஏற்றி, இரும்புக் கவ்விகளால் இறுக்கினார். தொட்டி மடிந்து எழும் கீலை முடிந்தவரை முன்னுக்குத் தள்ளினார். அதற்குமேல் இடமில்லை.

சோதனைக்குக் கிளேபாங் கரையின் ஈர மணலைப் பட்டறைக்குக் கொண்டுவந்து தொட்டியில் நிரப்பினார்கள். ஓட்ட வேண்டியவர் அப்பாசாமி, நல்லையாவின் மனைவிக்குத் தம்பி, புதிதாகக் கல்யாணமானவர். ஏறப்போனவரைத் தோளைப் பிடித்து நிறுத்தினார் நல்லையா.

"நீ வெளிய நில்லு. நான் உக்காந்துக்கறேன்."

"ஓட்டப்போறது நான்தானே மாமா?"

"பூட்டுனது நான்லா."

4

நெம்புகோலை இழுத்ததும் தொட்டி எழுந்தது. மணல் முழுவதும் வாலில் போய் அடைந்தது. தானாகத் திறக்க வேண்டிய பின்கதவின் கொக்கி சிக்கிக்கொண்டது. கண்ணாடி வழியே தெரிந்த வேலி மெல்லக் கீழே இறங்குவதை நல்லையா பார்த்தார். வேலி இறங்கவில்லை, தாம்தான் ஏறுகிறோம் என்று புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. குதிக்கலாம். குதித்த ஆட்டத்தில் லோரி பக்கவாட்டில் சாய்ந்தால் அங்கே அப்பாசாமி நிற்கிறான். நெம்புகோலைத் திருப்பினாலும் அதே ஆட்டம்தான். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மூச்சைக்கூட அளந்து விட்டார்.

(இங்கே ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன்: 'சட்டம் முறிந்த சத்தம் தெருமுனைவரை...' இல்லை, வேண்டாம். சீதா அப்போது பிறந்திருக்கவில்லை. நல்லையாவைக் கொன்றுவிட்டால் எனக்கு இதைச் சொன்னது யார்?)

அப்போது, அதுவரை வேலியோரம் நின்றிருந்த சிஹாபுதீன் ஓடிவந்தார். வெள்ளைச் சட்டையும் கைலியுமாக எம்பி, முன்பக்க இரும்பைப் பிடித்துத் தொங்கினார். கனத்த உடம்பு. எழும்பிக்கொண்டிருந்த லோரி தயங்கியது. அந்தத் தயக்கத்தில் அப்பாசாமி பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, கடப்பாரையால் கொக்கியில் ஓங்கி ஒரு போடு போட்டார். கதவு திறந்து மணல் கொட்டியது. முன்பக்கம் கனமாக, ஆனால் நேராக, தரைக்கு வந்தது. சிஹாபுதீன் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

(அவர் தொங்கியது என் சரக்குதான். எடுத்துவிட்டுப் பார்த்தேன், கதை நிற்கவில்லை. திரும்ப வைத்துவிட்டேன்.)

5

நல்லையா இறங்கினார். அவரும் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சிஹாபுதீன் சட்டையிலிருந்த கிரீஸைத் துடைக்கப் போய் இன்னும் பரப்பிக்கொண்டார்.

"வெட்டிடு நல்லையா."

"கான்டிராக்டர் ஒத்துக்குவானா பாய்?"

"அவனா வந்து இதுல தொங்கப்போறான்?"

அப்பாசாமிதான் முதலில் சிரித்தார். பிறகு மூவராலும் நிறுத்த முடியவில்லை. பல நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்றரை முழ இரும்பு இறங்கிப்போனதுபோல நல்லையாவுக்கு நன்றாகப் பசித்தது. சாப்பிட்டுவிட்டு வந்து அன்றே வெட்டி, பின்கதவைத் திரும்பப் பற்றவைத்தார்.

கான்டிராக்டர் லோரியைச் சேர்த்துக்கொண்டானா? தெரியாது, சீதாவும் சொல்லவில்லை. அவனை உங்களிடம் விடுகிறேன். நல்லவனாக்குங்கள், கெட்டவனாக்குங்கள், சிஹாபுதீனுக்கு வேறு வேலை பார்த்துக் கொடுங்கள். வெட்டின இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். பற்றவைத்த சூடு இன்னும் ஆறவில்லை.