மீன் தின்ற பறவைகள்

ஏரிக்கரையில் செத்துக் கிடந்த பறவைகளைப் பார்த்ததும் தசரதனுக்கு இரக்கம் வரவில்லை, ஃபாரஸ்ட்காரர்களை நினைத்துப் பயம்தான் வந்தது. பக்கத்தில் பைனாகுலரோடு நின்றவர் வேலூர்க் கல்லூரி வாத்தியார் சுப்பிரமணி. தை பிறந்தால் ஜவ்வாது மலையேறி வந்து பறவை எண்ணுகிறவர். வழிகாட்டி எப்போதும் தசரதன்தான். வரவில்லை என்றால் சந்தேகப்படுவார் என்று, குறுகுறுக்கும் நெஞ்சோடு வந்திருந்தான்.

காரைக்காயை நசுக்கி ஏரியில் கலக்கி மீன் பிடிப்பது மலைக்காரர்கள் வழக்கம். மீன் மயங்கி மிதக்கும். தின்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது. இந்த வருஷம் மழை பொய்த்து, காரை காய்க்கவேயில்லை. மாசமாக இருக்கும் தங்கச்சி ரத்தினம்மாளோ மீனுக்கு ஏங்கிக் கிடந்தாள். அதுவும் மருந்து, இதுவும் மருந்து என்று நினைத்துவிட்டான் புத்திசாலி. துவரைக்கு அடிக்க ஆலங்காயத்தில் வாங்கிய பூச்சிமருந்தை நேற்று சாயங்காலம் தண்ணீரில் ஊற்றினான். கிடைத்த ஒரு கூடை மீனையும் அவள் வீட்டிலேயே கொடுத்தான். விடிந்ததும் குழம்பு வைக்கிறேன் என்றாள்.

"இது என்னப்பா?" வாத்தியார் குச்சியால் ஒன்றைப் புரட்டினார்.

"நீர்க்காகம் சார்."

"அது?"

"மீன்கொத்தி. அந்தாண்ட கெடக்கிறது நாரைங்க."

வாத்தியார் பைனாகுலரை ஏரிப் பக்கம் திருப்பினார். வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன. தாழைக்கோழி ஒன்று கோரைக்குள் நடந்தது.

"புல்லு, விதை தின்னதெல்லாம் நல்லா இருக்கு. மீன் தின்னதுதான் செத்திருக்கு," என்றார். "விஷம் மீனுக்குள்ளயே ஏறியிருக்குப்பா."

தசரதனுக்கு ஃபாரஸ்ட்காரர்கள் மேலிருந்த பயமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"சார், நான்தான் மருந்து ஊத்துனேன். என் தங்கச்சி வூட்டுல அந்த மீனுதான் சார்!"

பதிலுக்கு நிற்காமல் ஓடினான். சரிவில் இரண்டு தடவை விழுந்து எழுந்தான். இன்னும் அடுப்பு பற்றவைத்திருக்கக் கூடாது என்று தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டினான்.

ரத்தினம்மாள் வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"வா அண்ணா. அவரு நெலத்துக்குப் போய்ட்டாரு. பசி தாங்கல, நான் மட்டும் தின்னுட்டேன். மூணு மாசம் கழிச்சி இன்னைக்குத்தான் சோறு எறங்குச்சு. உனக்கும் வெச்சிருக்கேன்."

ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்கு மலையிறங்க நான்கு மணி நேரம் ஆகும். தசரதன் அவள் பின்னந்தலையைப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டான். அவள் திமிறினாள், கடித்தாள். அவன் அழுதுகொண்டே இன்னும் ஆழமாக விட்டான்.