ஒன்றுக்கு அடுத்தது பத்து

மருமகன் தம்ளருக்குள் விரலை விட்டுத் துழாவினான். தண்ணீர் மட்டும்தான் இருந்தது. பல் செட்டைக் காணோம்.

"கிடைச்சுதா மாப்ள? வாய் இறுகிடப்போகுது," என்றாள் மாமியார், கட்டிலருகே நின்றபடி. "நீங்க செஞ்ச பல்லு, நீங்களே போட்டுவிட்டுடுங்க. பொக்கை வாயோட அனுப்பினா மனுஷன் என்னை மன்னிக்கவே மாட்டாரு."

பல் டாக்டர்களுக்குச் செட் செய்துகொடுக்கும் பட்டறையில் வேலை அவனுக்கு. மாமனாருக்குச் செய்த செட்டை "கடிக்குது, கடிக்குது" என்று அவர் திருப்பித் திருப்பி அனுப்ப, சலிக்காமல் தேய்த்துத் தேய்த்துக் கொடுத்தான். இப்போது ஜன்னல் திட்டில் தேடினான், தலையணைக்கு அடியில் தேடினான், குனிந்து கட்டிலுக்குக் கீழேயும் பார்த்தான். வந்ததிலிருந்து, உயிரற்றுக் கிடந்த அந்த முகத்தை நேராகப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அதற்கு இது ஒரு சாக்கு. கடைசியில் வேறு வழியில்லாமல் கட்டிலுக்கு வந்து, கட்டைவிரலால் மேலுதட்டை லேசாக விலக்கினான்.

பற்கள் இருந்தன. மேலும் கீழும், சரியாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தன.

"நீங்க போட்டுவிட்டீங்களா அத்தை?" என்று பல்லையும் அவளையும் சுட்டிக் காட்டிக் கேட்டான்.

"நான் எங்க போட்டேன்? எனக்கு அதைத் தொட்டாலே கூசும். ராத்திரி கழட்டாமலே இருந்திருப்பாரு."

அவன் அந்த உதட்டை மெல்ல மூடினான். கழற்றியதை அவனே பார்த்திருந்தான். நேற்று மாலை டிவி தொடரின் ஒன்பதாவது எபிசோட் ஆரம்பிக்கும் முன்னால் மாமனாரே கழற்றித் தம்ளரில் போட்டார். அந்த வீட்டில் அது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. டிவி பார்க்கும்போது பல் தம்ளரில் இருக்கும். பல் வாய்க்குப் போனால் ஒன்று சாப்பாடு, இல்லையென்றால் சண்டை. இதயம் பலவீனமாகி, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்ட பிறகு சாப்பாடெல்லாம் மிக்ஸியில் அடித்ததாகிவிட்டது. ஆக, இப்போது பல் சண்டைக்கு மட்டும்தான்.

சண்டை என்றால் பெரிய சண்டை ஒன்றும் இல்லை. அந்தத் தொடரில் எந்த சீசன் ஒசத்தி என்பதுதான் விவகாரம்.

மாமனார் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் தானாகப் பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை என்பதால் முதல் ஒரு வருஷம் அவனோடு பேச்சு வார்த்தையே கிடையாது. அவன் வந்தால் முகத்தை டிவி பக்கம் திருப்பிக்கொள்வார். அப்போதுதான் அந்தத் துப்பறியும் தொடரின் முதல் சீசன் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு துறைமுக ஊர், தூக்கம் வராத ஒரு பெண் போலீஸ் அதிகாரி, ஆற்றில் மிதக்கும் ஒரு பிணம். ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வாய் சும்மா இருக்காமல், படகுக்காரன் கொலை செய்திருக்க மாட்டான் என்று சொல்லிவிட்டான். மாமனார் மெதுவாகத் திரும்பினார்.

"அது எப்படிச் சொல்றீங்க?"

அவனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். அன்றைக்கு அவன் மனைவி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள் என்று பிறகு சொன்னாள். அதற்குப் பிறகு அவர்கள் எந்தப் பேச்சையும் அந்தக் கேள்வியோடுதான் ஆரம்பித்தார்கள். சில நாள் அவர் கேட்பார், சில நாள் அவன் கேட்பான்.

மூன்றாவது சீசன் டிவியில் வரவில்லை. அவன்தான் எங்கிருந்தோ பிடித்து பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான். அவனுக்கு உலகத்திலேயே பிடித்தது அந்த சீசன்தான். மாமனார் ஒரு வாரம் கழித்து அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"என்ன மாப்ள இது? ரெண்டாவது எபிசோட்லயே கொலைகாரி யாருன்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் உக்காந்து என்னத்தப் பாக்கறது? செத்தவனெல்லாம் திரும்பத் திரும்ப வர்றான்."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொலைகாரி மருந்துக்கடைக்காரி என்பது கடைசி எபிசோடான பத்தாவதில்தான் தெரியவரும். இவர் இரண்டாவதிலேயே பிடித்துவிட்டார் என்றால் எப்பேர்ப்பட்ட மூளை! செத்தவர்கள் திரும்ப வருவதும் அவனுக்கு வினோதமாகப் படவில்லை. கதை முன்னும் பின்னுமாகப் போவதுதான் அந்த சீசனின் சிறப்பு. அவன் தெருவில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்ல, அன்றிலிருந்து மாமனாருக்கு 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர் விழுந்தது. தபால்காரரும் பேக்கரிக்காரரும் மாலையில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். தபால்காரர் இரண்டாவது சீசன் கட்சி. பேக்கரிக்காரர் எப்போதும் கடைசியாகப் பேசியவர் கட்சி. மருமகன் மூன்று. இன்ஸ்பெக்டர் ஒன்று. வருஷக்கணக்காக ஒருவரும் ஓர் அங்குலம் நகரவில்லை.

போன மாதம்தான் குட்டு வெளிப்பட்டது. படுத்தே கிடப்பவருக்குப் பொழுது போகட்டும் என்று, டிராயரில் கிடந்த அந்தப் பழைய பென் டிரைவை எடுத்து டிவியில் செருகினான் மருமகன். திரையில் பட்டியல் வந்தது. ஒன்று. அதற்குக் கீழே பத்து. அதற்குக் கீழே இரண்டு, மூன்று, நான்கு. டிவிக்கு எண்ணத் தெரியாது. முதல் இலக்கமான 1-ஐ மட்டும் பார்த்து, ஒன்றுக்குப் பக்கத்தில் பத்தைக் கொண்டுவந்து வைத்திருந்தது. அன்றைக்குப் பழைய டிவியிலும் மாமனார் மேலிருந்து கீழாக, பட்டியல் போட்ட வரிசையிலேயே பார்த்திருக்கிறார். இரண்டாவதாக அவர் பார்த்தது முடிவை.

மருமகன் ரிமோட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றான். எத்தனை வருஷத்து வாதம், எவ்வளவு பெரிய பெயர்! படுக்கையில் கிடக்கும் மனுஷரிடம் போய் எப்படிச் சொல்வது? முதல் எபிசோட் முடிந்ததும் இரண்டாவதைப் போட்டான். பாதியில் மாமனார் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.

"மாப்ள. அன்னைக்கு நான் தப்பான வரிசையிலயா பார்த்தேன்?"

"ஆமா மாமா. நான் ஃபைலுக்குப் பெயர் வெச்ச லட்சணம்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். பல் இல்லாத வாயால் சத்தமே வராமல் சிரித்தார், தோள் மட்டும் குலுங்கியது. மாமியார் பயந்துபோய் ஓடி வந்தாள். அவள் போன பிறகு அவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தபால்காரன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நமக்குள்ள இருக்கட்டும்."

அதற்குப் பிறகு வேலை முடிந்ததும் அவன் நேரே அங்கே போனான். அவரால் முடிந்த நாட்களில் மட்டும், ஒவ்வொன்றாக, சரியான வரிசையில் பார்த்தார்கள். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அவன் பக்கவாட்டில் திரும்பி உட்கார்வான். அவன் டிவியைப் பார்த்ததைவிட அவர் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம். நேற்று ஒன்பதாவது முடிந்ததும் அவனால் பொறுக்க முடியவில்லை. இப்பவாவது சொல்லுங்க மாமா, ஒண்ணா மூணா என்று கேட்டான். பத்தையும் அதன் இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தீர்ப்பு என்றார் அவர். முடிவுதான் தெரியுமே என்றான்.

"தெரியறது வேற, வந்து சேர்றது வேற. நாளைக்கு வாங்க, சொல்றேன்."

அந்த நாளை இன்றுதான். இன்று அவர் கட்டிலில் கிடந்தார்.

தபால்காரரும் பேக்கரிக்காரரும் வந்து ஹாலில் உட்கார்ந்தார்கள். முதலில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். பிறகு தபால்காரர், தெரியாத யாரோ ஒரு உறவுக்காரரிடம் மெல்ல ஆரம்பித்தார். ரெண்டாவது எபிசோட்லயே கொலைகாரியைப் பிடிச்ச மனுஷங்க இவரு, போலீஸ்ல சேர்ந்திருந்தா எங்கயோ போயிருப்பாரு என்றார். அந்த உறவுக்காரர் நம்ப முடியாமல் மருமகனைப் பார்த்தார்.

"நெஜமாவா?"

"ஆமாங்க," என்றான் மருமகன். "ரெண்டாவதுலயே."

வண்டிக்காகக் காத்திருந்தபோது மாமியார் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காதில் மிஷின் இல்லை, அவசரத்தில் போட மறந்துவிட்டாள். தூங்கும்போது அதைக் கழற்றிவிட்டால் அவளுக்கு இடி விழுந்தாலும் கேட்காது. அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். விடிந்து எழுந்து வந்தபோது அவர் நாற்காலியில் இருந்தாராம், வாசலைப் பார்த்தபடி. டிவி சும்மா நீலமாக எரிந்துகொண்டிருந்ததாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தோளைத் தொட்டிருக்கிறாள்.

"கட்டில்லேர்ந்து தானா எப்படி எழுந்து வந்தாருன்னே தெரியல. ஒண்ணே ஒண்ணு பாக்கின்னு நேத்து சொல்லிக்கிட்டே இருந்தாரு மாப்ள. அதையும் பாக்காமப் போயிட்டாரே."

அவன் அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அதை மாமா ரொம்ப வருஷத்துக்கு முன்னாலேயே பார்த்துவிட்டார் என்று சொல்ல வாயெடுத்தான். அவளுக்குக் கேட்காது. இன்னும் ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம் கிடைத்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

எல்லாம் முடிந்து அவர்கள் வீடு திரும்பியபோது மாலையாகிவிட்டது. கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தது. மனைவி அவள் அம்மாவைப் படுக்கவைக்க உள்ளே அழைத்துப் போனாள். தபால்காரரும் பேக்கரிக்காரரும் போக மனமில்லாமல், வழக்கமாக உட்காரும் இடங்களில் உட்கார்ந்தார்கள். நாற்காலியை யாரும் தொடவில்லை. மருமகன் பென் டிரைவை எடுத்து வைக்கலாம் என்று போனான். பிளக்கைச் செருகியதும் டிவி தானாக உயிர்பெற்றுப் பட்டியலைக் காட்டியது.

புது டிவி, பார்த்து முடித்த எபிசோடுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிக் போடும். நேற்று மாலை அவன் அணைத்தபோது பத்துக்குப் பக்கத்தில் டிக் இல்லை. இப்போது இருந்தது.

அவனுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. நாளைக்குச் சேர்ந்து பார்ப்போம் என்று சொல்லிவிட்டு, மனுஷர் பொறுக்காமல் விடியற்காலையில் தனியாக எழுந்து பார்த்திருக்கிறார். பார்த்து முடித்துவிட்டுத் தம்ளரிலிருந்து பல்லை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். நாற்காலியை வாசல் பக்கம் திருப்பியிருக்கிறார். மூன்றாவது சீசன்தான் ஒசத்தி என்று ஒத்துக்கொள்வதாக இருந்தால் அவருக்குப் பல் எதற்கு?

"என்ன தம்பி?" என்றார் தபால்காரர்.

"ஒண்ணாவதுதானாம்."

"யாரு சொன்னா?"

"மாமாதான். இன்னைக்குக் காலையில."

தபால்காரர் காலி நாற்காலியைப் பார்த்தார். பேக்கரிக்காரர் தலையை ஆட்டினார். மருமகன் டிவியை அணைத்தான். மூலையிலிருந்த ஸ்டூலை இழுத்து, நாற்காலிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தான். முழங்கையை முழங்காலில் ஊன்றி, எப்போதும்போல் கொஞ்சம் முன்னால் சாய்ந்தான்.

"அது எப்படிச் சொல்றீங்க மாமா?" என்றான்.