ரதாமெஸ் வைத்த வைஃபை பேர்

"பழைய பேரையே வையேன்! உனக்கு என்ன கை வலிக்குதா?"

"கை வலிக்கல யோகாஸ்தா, பயமா இருக்கு. அந்தப் பேரை வெச்சா நீ பொழுதன்னைக்கும் அதையே பாத்துட்டு உக்காந்திருப்ப."

"என் தம்பி போன் வேற எந்தப் பேரைத் தேடும்? நீயே சொல்லு."

எலாதியோ அட்டைப்பெட்டியைப் பிரித்தான். புது வைஃபை ரவுட்டர் அவன் மடியில் இருந்தது. மனைவியின் தம்பி ரதாமெஸ் போன வருஷம் மிச்செஸ் கடற்கரையிலிருந்து கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கும் புவேர்ட்டோ ரிக்கோவுக்குத் திருட்டுப் படகு ஏறினான். படகு போய்ச் சேரவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. செத்தவர்களுக்குச் சொல்லும் ஒன்பது நாள் ஜெபத்தை யோகாஸ்தா இன்னும் வைக்க விடவில்லை. "உயிரோட இருக்கறவனுக்கு எதுக்கு சித்தப்பா ஜெபம்?" என்று பாதிரியாரை அழைத்து வந்த சித்தப்பாவையே விரட்டிவிட்டாள்.

வீடு முழுக்க கேபிள் இழுத்து வைஃபைக்குப் பேர் வைத்தது ரதாமெஸ்தான். ஒருநாள் கரண்ட் போய் வந்தபோது பழைய ரவுட்டரில் வயர்லெஸ் மட்டும் செத்துவிட்டது. கேபிளில் நெட் வருவது நிற்கவில்லை. அதில்தான் இந்தப் புதுசைச் சேர்க்க வேண்டும். எலாதியோ பழைய பேர், பழைய பாஸ்வேர்டையே போட்டான். கேபிளைத் தப்பான ஓட்டையில் சொருகியதால் முதலில் எதுவும் வரவில்லை. மாற்றிச் சொருகுவதற்குள் கரண்ட் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்கக் கத்தியது: "வந்தாச்சு! வந்தாச்சு!" கரண்ட் வந்தால் இந்த ஊர் எப்போதும் போடும் கூச்சல்தான். ஆனால் யோகாஸ்தா அன்று வாசலைப் பார்த்தாள்.

எலாதியோ கேபிளை மாற்றிச் சொருகி, வயரில் இணைத்த லேப்டாப்பில் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தான். வைஃபையில் சேர்ந்திருந்தது ஒரே ஒரு போன். அவர்கள் இருவர் போனிலும் வைஃபையை இன்னும் போடவே இல்லை.

"என்னய்யா முழிக்கிற? படி."

"சுறா."

ரதாமெஸ் தன் போனுக்கு வைத்த பேர் அது.

"யாராவது வெளையாடுறாங்க," என்றான் எலாதியோ. ரவுட்டரைப் பிடுங்கி மறுபடி போட்டான். விளக்கு எரிந்ததும் முதல் ஆளாகச் சுறா வந்தது. சிக்னல் ஒரே ஒரு கோடு.

"ரொம்ப தூரத்துல இருக்கான். தூக்குய்யா அதை!"

நெட் கேபிளும் கரண்ட் வயரும் இழுபட ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு, லேப்டாப்போடு சமையலறைக்குப் போனார்கள். ரெண்டு கோடு. கடல் பக்கத்துக் கதவைத் திறந்ததும் மூணு. வெளியே பட்டப்பகல் வெயில். மணலில் ஒரு ஆள் இல்லை, ஒரு படகு இல்லை. அலை மட்டும்தான்.

எலாதியோ லேப்டாப்பை மறுபடி பார்த்தான். ஒரு வருஷம் தண்ணீரில் கிடந்த போனுக்குச் சார்ஜ் ஏது?

இன்னும் ஒரு அடி வைத்தான். கேபிள் இழுத்து நின்றுவிட்டது.

"நீள கேபிள் வாங்கிட்டு வா," என்றாள் யோகாஸ்தா. குரலில் அழுகை இல்லை, சந்தோஷம் இருந்தது. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"வேணாம்டி. பேரை மாத்திடறேன். அவனுக்கு ஜெபத்தை வெச்சிடலாம்."

"மாத்திப் பாரு. கூப்பிட்டு வெச்சிட்டு மூஞ்சில கதவ சாத்துவியா?"

இப்போதும் ரவுட்டர் அந்த வாசற்படியில்தான் எரிந்துகொண்டிருக்கிறது. கேபிளும் வாங்கவில்லை, பேரையும் மாற்றவில்லை. எலாதியோ இடத்தில் நீங்கள் இருந்தால் எதைச் செய்வீர்கள்? இதைப் படித்தவர்கள் தயவுசெய்து கீழே பதில் எழுதுங்கள்.