துடைப்பக்கட்டை காட்டிய வடக்கு

"ஆறு இஞ்ச் கண்ணாடி போதும் ஐடா. மோட்டார் கீது. நட்சத்திரம் நகர நகர அதுவும் கூடவே திரும்பும். ஓரியன் நட்சத்திரக் கூட்டத்துல கீற மேகத்தை, கேமராவை ரெண்டு நிமிஷம் திறந்து வச்சுப் படம் எடுக்கலாம்."

"எடுத்து?"

"சபை காலண்டர் அட்டையில போடலாம். நம்ம ஊரு வானம்னு. போதகர்கிட்ட சொல்லிட்டேன்."

"வாங்காத தொலைநோக்கிக்கு வாக்கு குடுத்துட்டீங்களா? நல்லா கீது போங்க."

டென்சில், பழைய தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பவன். ஐடா அவன் மனைவி. பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியின் பில்லிங் கவுன்டரில் உட்கார்ந்திருந்து, தினமும் ரயிலில் போய் வந்து, அந்த மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தாள். ஓய்வுக்குத் தனக்கென்று ஒரு பொருள் வாங்கிக்கொள்வது என்று வெகு நாளாக நினைத்திருந்தாள். கண்ணாடி வைத்த தொலைநோக்கி. ஒன்றுதான் வாங்க முடியும். எது என்பதில்தான் வழக்கு.

அவள் மனசு எட்டு அங்குலக் கண்ணாடியில் இருந்தது. தண்ணீர் டிரம் மாதிரி பெரிய குழாய். அதைத் தாங்க ஒரு மரப்பெட்டி. மோட்டார் கிடையாது, கையால் தள்ள வேண்டும். கண்ணாடி பெரிதானால் வெளிச்சம் அதிகம் சேரும், மங்கலானதும் கண்ணுக்குப் படும். ஆனால் மேகம்போல் மங்கிய ஒன்றை, கேமராவை வெகு நேரம் திறந்து வைத்துப் படமெடுக்க அது உதவாது.

"முப்பது வருஷம் ஸ்கிரீனைத்தான் பாத்தேன். வானத்தையும் ஸ்கிரீன்லதான் பாக்கணுமா?"

டென்சிலின் முகம் சின்னதாகிப் போனது. அதைப் பார்த்ததும் ஐடாவுக்குப் பொறுக்கவில்லை.

"சரி, உங்க ஆறு இஞ்சே வாங்கிக்கலாம். ஆனா வைக்கிற எடத்தைப் பாத்துட்டுதான்."

அது அவள் வழக்கம். கட்டில் வாங்கும் முன் தரையில் சாக்பீஸால் கட்டிலை வரைந்து, அதைச் சுற்றி ஒரு வாரம் எல்லோரையும் நடக்க வைத்தவள் அவள். அந்த வீட்டில் வாங்கி வருந்திய பொருள் எல்லாமே அவளைக் கேட்காமல் வந்தவை.

சனிக்கிழமை காலையில் பின்கட்டில் வாளியைக் கவிழ்த்தாள். அதன்மேல் செங்கல். செங்கல்மேல் துடைப்பக்கட்டை. மோட்டார் வைத்த தொலைநோக்கியின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிற்க வேண்டும் என்று படித்திருந்தாள். நம் ஊரில் அது ரொம்பத் தாழ்வு. நீட்டிய கையில் ஒரு முஷ்டி, அதன் மேல் இரண்டு விரல், அவ்வளவு உயரம்தான். போனில் வடக்கைப் பார்த்து, முஷ்டியால் அளந்து, கட்டையைச் சாய்த்தாள்.

பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா மதில்மேல் தலையை வைத்தாள்.

"இன்னா ஐடாம்மா, தொடப்பத்துக்கு ஜெபமா?"

"தொலைநோக்கி வைக்க எடம் பாக்குறேன்க்கா."

"தொடப்பத்துலயா? சும்னே கடையில போய் வாங்குங்க."

ஐடா குனிந்து கட்டை வழியாகப் பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.

"ஏங்க, இங்க வாங்க. இதும்மேல கண்ணை வச்சுப் பாருங்க."

டென்சில் பல்விளக்கும் பிரஷோடு வந்து குனிந்தான்.

"டம்ப் தெரியுது."

"துருவ நட்சத்திரம்?"

"பகல்ல எப்டிம்மா தெரியும்?"

"ராத்திரி தெரியுமா?"

டென்சில் நிமிரவில்லை. தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய சயனைடு மண், ஊரார் டம்ப் என்பது, வீட்டுக்கு வடக்கே சாம்பல் மலையாக நின்றது. துடைப்பக்கட்டை அதன் வயிற்றைக் குத்திக்கொண்டிருந்தது.

"பொறந்ததுல இருந்து இந்த வீட்லதான் கீறேன்," என்றான் மெதுவாக. "இது குறுக்க கீதுன்னே தோணல."

"தெனம் பாத்தா எப்டித் தோணும்? எனக்கும்தான் தோணல."

"டம்பைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்க," என்றாள் கிருஷ்ணம்மா.

"மைதானத்துக்குத் தூக்கிட்டுப் போலாமே?" என்றான் டென்சில்.

"முக்காலி, எடைக்கல்லு, பேட்டரி. தெனம் யாரு தூக்கறது? போன மாசம் நீங்க கேஸ் சிலிண்டரை உருட்டினதுக்கே ராவெல்லாம் உங்க முதுகுக்குத் தைலம் தேச்சேன்."

"நட்சத்திரம் தெரியலன்னாலும் அச்சைச் சரி பண்ண வேற வழி கீதாம்."

"கீது. நானும் படிச்சேன். ஒவ்வொரு தடவையும் மல்லுக்கட்டணும். ரெண்டாவது மாசம் கட்டிலுக்கு அடியில போயிடும்."

டென்சில் வாய் கொப்பளித்துவிட்டு வந்தான். "அப்ப போதகர்கிட்ட இன்னா சொல்றது?"

"நிலாவை எடுங்க. அதுக்கு மோட்டார் வேணாம். கண் சிமிட்டுற நேரம் போதும்."

"நிலாவை எல்லாரும்தான் எடுக்குறாங்க."

"டம்ப் பக்கத்துல நின்னு யாரு எடுத்தா?"

அவள் தெற்கையும் மேற்கையும் முஷ்டியால் அளந்தாள். மேற்கே ஒரு தென்னை. மற்றபடி திறந்த வானம். மண் பறந்து வந்து கண்ணாடியில் உட்காராமல் இருக்க, மூடிக்கு மேல் கட்டத் தலையணை உறை ஒன்றை அன்றைக்கே தைத்து வைத்தாள்.

எட்டு அங்குலம் மாரிகுப்பம் ரயிலில் வந்தது. ஐடாவோடு தினமும் ஒரே பெட்டியில் போய் வந்தவர்கள் எழுந்து நின்று குழாய்க்கு சீட் கொடுத்தார்களாம்.

நாலாம் பிறை அன்று, இருட்டத் தொடங்கும்போதே குழாயை வெளியே வைத்தாள். கண்ணாடி காற்றின் குளிர்ச்சிக்கு வரட்டும் என்று அரை மணி நேரம் யாரையும் தொட விடவில்லை. காலண்டர் வேலைக்காகப் போதகர் ஏனோக்கும் வந்திருந்தார். போனைக் கண்வில்லையில் பிடித்து வைக்கும் கொக்கியோடு டென்சில் தயாராக இருந்தான்.

"மொதல்ல கண்ணால பாருங்க," என்றாள் ஐடா.

டென்சில் குனிந்தான். நிலா நகர்ந்து விளிம்புக்குப் போகும்போதெல்லாம் ஐடா ஒரு விரலால் குழாயைத் தொட்டாள். அவ்வளவு பெரிய குழாய் பூனைபோல் சத்தமில்லாமல் திரும்பியது.

"டென்சில், போட்டோ?" என்றார் போதகர்.

"இருங்க ஐயா."

"தென்னைக்குப் பின்னால போவப் போவுது," என்றாள் ஐடா.

"இரும்மா. இன்னும் பாத்து முடியல."

கடைசியில் அவனே கொக்கியை மாட்டினான். எடுத்ததில் பல ஆடிப்போயின. ஒன்று மட்டும் கத்திபோல் கூர்மையாக விழுந்தது. போதகர் போனைக் கையில் வாங்கினார். சாம்பல் மண், மேடு, மேட்டின் நிழல், ஓரமெல்லாம் குழி.

"இன்னாப்பா இது? நம்ம டம்ப்பை எடுத்து வச்சுகினு நிலான்றே?"

"நிலாதான் ஐயா. அட்டைக்கு ஆவுமா?"

"ஆவுமாவா? சபையே சண்டை போடும், இது எந்த டம்ப்புன்னு."

டென்சில் சிரித்துக்கொண்டே மறுபடி கண்வில்லையிடம் குனிந்தான். ஐடா அவன் தோளைத் தட்டினாள்.

"நகருங்க. காலண்டர் உங்களுது. தொலைநோக்கி என்னுது."