றெனோல்டின் காதில் பூ

போன ஐப்பசியில் பக்கத்து வீட்டுக் கிளோடெட் முற்றத்தில் முழங்காலில் இருந்து வெங்காயம் நட்டுக்கொண்டிருந்தார். அப்படித்தான் நான் நினைத்தேன். வெங்காயத்தை ஒரு சாண் ஆழத்தில் தாட்டால் அது எப்படி மேலே வரும்? அடுத்தவர் பிழையாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. போய்ச் சொன்னேன்.

கிளோடெட் சிரித்தார். "இது டியூலிப் கிழங்கு, கிருபா. மூன்று நாலு மாதம் நல்ல குளிருக்குள் கிடந்தால்தான் பூக்கும்" என்றார். மொன்றியலின் சென்ட் லோரன்டில் குடியேறிய இத்தனை வருடத்தில், குளிர் வேண்டும் என்று கேட்கிற ஒரு சீவனை அன்றைக்குத்தான் கண்டேன்.

பக்கத்தில் அவருடைய கணவர் றெனோல்ட் மண்வாளியோடு நின்று புறுபுறுத்துக்கொண்டிருந்தார். மாநகரசபை வீதி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் வழியை மறிக்கத் தோடம்பழ நிற, அதாவது ஒறேஞ்ச் நிற, கூம்புகளை வைப்பதும் எடுப்பதும்தான் அவர் உத்தியோகம். மொன்றியலில் அந்தக் கூம்புகளைத் திட்டாதவர் இல்லை. ஆனால் றெனோல்ட் அளவுக்கு மனமொன்றித் திட்டியவரும் இல்லை. அதே நிறம் என்பதால் அவர் வீட்டுக்குள் கரட் வருவதற்கே கிளோடெட் வாதாட வேண்டியிருந்ததாம். டியூலிப் என்றால் சிவப்பு, அதுவும் ஒரே நேர்கோட்டில். அதுதான் அந்தப் பாத்தியின் சட்டம்.

அந்த முறை சட்டம் மாறியது. கிளோடெட் கிழங்குகளைத் தானே தெரிந்து வாங்கி, படம் போட்ட பைகளைக் கிழித்து எறிந்துவிட்டார். என்ன நிறம் என்று றெனோல்ட் கேட்டதற்கு, "வைகாசியில் பார்" என்றார்.

கிளோடெட்டுக்கு நோய் முற்றியிருந்தது. வைகாசியை அவர் பார்க்கமாட்டார் என்று அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரியும். மாசியில், பாத்திக்கு மேல் இடுப்பளவு பனி கிடக்கையில், போய்விட்டார். செத்தவீட்டில் றெனோல்ட் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நிறத்தைச் சொல்லாமல் போய்விட்டாள்" என்றார்.

பனி கரைந்து முளை தெரிந்ததும் பாத்திக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டார். இரவில் நித்திரைக் குளிசை போடுபவர். கோப்பியோடு வெளியே வரும்போது வெயில் ஏறியிருக்கும். வந்து உட்கார்ந்தால் பொழுதுபடும்வரை அங்கேதான். பச்சை மொட்டுகள் வந்தன. பருத்தன. நிறம் காட்ட வேண்டிய நாளில் தலையைக் காணவில்லை. தண்டு நிற்கிறது, இலை நிற்கிறது, மொட்டு மட்டும் இல்லை. மறுநாள் இன்னும் நாலைந்து போயிருந்தன.

"அணில்" என்றார் றெனோல்ட்.

இந்த ஊர் அணில்களைப் பற்றி எனக்கும் நல்ல அபிப்பிராயம் இல்லை. பூனை அளவு உடம்பு, முதுகில் கோடு கிடையாது. இராமர் தடவாத குறை நடத்தையில் தெரியும். ஆகவே நானும் அணில் என்றேன். உறைப்பைத் தூவினால் அணில் கிட்ட வராது என்று றெனோல்ட் எங்கேயோ படித்திருந்தார். யாழ்ப்பாணத்து வறுத்த கறித்தூள் ஒரு பை கொடுத்தேன். பாத்தி முழுக்கத் தூவினார். மொட்டுகள் தொடர்ந்து போயின.

அடுத்தது கூட்டுப் பொறி. ஓர் அணில் அகப்பட்டது. அதைக் காரில் ஏற்றி, பாலம் தாண்டி, லவாலுக்கு நாடு கடத்தினார். என் அகதி வழக்கு வருடக்கணக்கில் இழுபட்டது. அணிலுக்கு ஒரு விசாரணைகூட இல்லை.

இதற்கிடையில் என் வீட்டில் எல்லாம் நன்றாகவே நடந்தது. மனைவி கஜந்தினியின் அக்கா யோகராணி யாழ்ப்பாணத்திலிருந்து விசிற்றர் விசாவில் வந்திருந்தார். விடிய முன்னமே எழும்பி, குளித்து, சாமியறையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார். சாமியறை என்பது முன்பு உடுப்பு அலுமாரியாக இருந்தது. கஜந்தினியும் இரண்டு கிழமையாக என்னோடு கோபிக்கவில்லை. காரணம் கேட்டால் கெட்டுப்போகும் என்று நான் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அக்கா அலுமாரிக்கு முன்னால் நின்று சொன்னார்: "இந்த ஊர்ப் பூ வடிவுதான் தம்பி. ஆனா கொஞ்ச நாளா ஒரு கறித்தூள் வாசம் அடிக்குது."

நான் அலுமாரிக்குள் எட்டிப் பார்த்தேன். பிள்ளையார், முருகன், லட்சுமி, எல்லாருக்கும் டியூலிப்.

"கஜந்தினி, இது ஆர் வாங்கின பூ?"

"நீங்கள்தானே! இப்பவாவது சாமிக்குப் பூ வாங்க மனம் வந்திருக்கெண்டு நான் எவ்வளவு சந்தோசப்பட்டனான்."

இரண்டு கிழமைச் சமாதானத்தின் காரணம் அப்போதுதான் விளங்கியது. அது அந்த இடத்திலேயே முடிந்தும் போனது.

"நான்தான் பிடுங்கினனான்" என்றார் அக்கா, கொஞ்சமும் கூசாமல். "பக்கத்து வீட்டு முத்தத்தில. மதில் இல்லை, வேலி இல்லை, கேற் இல்லை. ஊரில எங்கட செவ்வரத்தம்பூவை விடியக்காலமை எத்தினை சனம் வந்து பிடுங்கும்? சாமிக்கெண்டு எடுக்கிறதை ஆரும் களவெண்டு சொல்லுவினமே?"

"நிறம் தெரியிற அண்டைக்கேவா அக்கா எடுக்கவேணும்?"

"பின்னை? வண்டு தொட முதல் எடுக்கவேணும் தம்பி. உமக்கு இதுவும் தெரியாதே?"

தெரியும். அதுதான் கொடுமை. அக்கா முறை தவறாமல் செய்திருந்தார். கிளோடெட் புருசனுக்கென்று மண்ணுக்குள் வைத்துவிட்டுப் போனதை, அந்த மனிதனுக்கு முதல் எங்கள் பிள்ளையார் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. இனி அந்தப் பாத்தியில் மிஞ்சியிருப்பதும் இரண்டோ மூன்றோ மொட்டுத்தான்.

நான் கிளோடெட்டின் கதையைச் சொன்னேன். அக்கா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

"ஐயோ, இதை ஆர் எனக்குச் சொன்னது?" என்றார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். "போய் அந்த மனுசனைக் கூட்டிக்கொண்டு வாரும். நான் விளக்கைக் கொளுத்துறன்."

வழியில் றெனோல்டுக்கு விளங்கப்படுத்தப் பார்த்தேன். களவுக்கும் பூசைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல என் பிரெஞ்சு காணாது. "வந்து பாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். சப்பாத்தைக் கழற்றச் சொன்னதும் கழற்றினார்.

அலுமாரி முழுக்கத் தோடம்பழ நிறம். பிள்ளையாரின் தலையில், முருகனின் வேலில், லட்சுமியின் மடியில், எல்லாம் அச்சொட்டாகத் தெருக்கூம்பின் நிறம். பழைய பூக்கள் காலில் மிதிபடக்கூடாது என்று அக்கா ஒரு பையில் சேர்த்து வைத்திருந்தார். அதையும் கவிழ்த்துக் காட்டினேன். வாடியும் அதே நிறம்.

றெனோல்ட் நெடுநேரம் பார்த்தார். "ஒறாஞ்" என்றார். பிறகு கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். கியூபெக்காரரின் கெட்ட வார்த்தைகள் எல்லாம் தேவாலயத்துச் சாமான்களின் பெயர்கள். சாமியறையில் அது அவ்வளவு பிழையாகக் கேட்கவில்லை. அதன் பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

"தம்பி, இந்த மனுசன் சிரிக்குதோ, அழுகுதோ?"

"ரெண்டும், அக்கா."

றெனோல்ட் கண்ணைத் துடைத்தார். "ஒவ்வொரு பின்னேரமும் வேலை முடிந்து வந்து அந்தக் கூம்புகளைத் திட்டுவேன். அவள் நிமிராமல் தைத்துக்கொண்டிருப்பாள். நான் சொல்வது காதில் விழுவதே இல்லை என்று நினைத்தேன்" என்றார். "எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்."

அக்காவுக்குப் பிரெஞ்சு விளங்காது. பூசைக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்பது தெரியும். பிள்ளையாரின் காலடியில் இருந்து ஒரு பூவை எடுத்து நீட்டினார். என்ன செய்வது என்று றெனோல்ட் விழிக்க, காதைத் தொட்டுக் காட்டினார். அவர் காதில் செருகிக்கொண்டார்.

ஒருவர் காதில் பூ வைப்பது என்றால் எங்கள் பேச்சில் அவரை ஏமாற்றுவது. கிளோடெட்டுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் வைத்துவிட்டார்.

வாசலில் சப்பாத்துப் போடும்போது றெனோல்ட் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "அணில்!"

அந்தப் பின்னேரமே இரண்டு பேரும் லவாலுக்குப் போனோம். அவர் அணிலை விட்ட பூங்கா முழுக்க அணில்கள். கோடு இல்லாததால் எது எங்களுடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. றெனோல்ட் நிலக்கடலையைக் கொட்டி, பொதுவாக எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார். ஒன்றும் திரும்பி வர விரும்பியதாகத் தெரியவில்லை.

திரும்பும்போது பாலத்தில் வழக்கம்போல ஒரு பாதையை மூடியிருந்தார்கள். ஒரு வேலையாளும் இல்லை. கூம்புகள் மட்டும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரிசையாக நின்றன. கார் ஊர்ந்தது. நான் ஸ்டியரிங்கில் குத்தி, திட்டத் தொடங்கினேன்.

றெனோல்டின் காதில் பூ இன்னும் இருந்தது. அவர் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு, என் கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"பேசாமல் பார்" என்றார்.