மேல நிக்கிறவ

எங்க வீட்டுக்காரரைத் தெருவுல யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. "தேசம்"னுதான் கூப்பிடுவாங்க. "என்ன தேசம், டூட்டி முடிஞ்சுதா?" "தேசம், இன்னைக்குக் குப்பை வண்டி லேட்டாமே?" எல்லாம் கிண்டல்தான். அவருக்குத்தான் அது உறைக்காதே! பட்டம் வாங்கின மாதிரி சிரிச்சுக்கிட்டே போவாரு. நகராட்சியில குப்பை லாரி ஓட்டறவரு. வருஷத்துல ஒரு நாள், தேசிய தின ஊர்வலத்துல முன்னாடி போற பெரிய அலங்கார ஊர்தியை ஓட்டறதும் அவர்தான்.

ஓட்டறாருன்னா, ஜன்னல்ல கைய வச்சுக்கிட்டு ஜம்முனு ஓட்டறது இல்ல. ஊர்திக்கு அடியில உக்காந்து ஓட்டறது. மேல மேடை, பூ, ஜிகினா. அதுல நம்ம நாட்டுல இருக்கிற அஞ்சு இனத்துக்கும் ஒவ்வொரு பொண்ணு, அவங்கவங்க உடுப்புல கையசைச்சுக்கிட்டு நிக்கும். அடியில இரும்புப் பெட்டி மாதிரி ஒரு இடம். இவர் உள்ள நுழைஞ்சதும் பக்கத் தகட்டை வெளியிலிருந்து போல்ட் போட்டு முடுக்கிடுவாங்க. முன்னாடி சின்னதா ஒரு வலை. அது வழியா ரோடும், கொடிய ஆட்டி வழி காட்டிக்கிட்டு நடக்கிற மேஸ்திரியோட காலும்தான் தெரியும். இன்ஜின் சூட்டுல வெந்து, புகையில இருமி, கழுத்துல ஈரத்துண்டோட ஓட்டணும்.

"ஏங்க, கைதட்டு எல்லாம் மேல நிக்கிறவங்களுக்கு. அடியில ஒரு மனுஷன் வேகறான்னு யாருக்குங்க தெரியும்?"ன்னு கேட்டா, "அடியே, அஞ்சு இனத்தையும் நான்தாண்டி தூக்கிட்டுப் போறேன்"னு சொல்லுவாரு. இந்த ஆள்கிட்ட பேசறதுக்குச் சுவத்துல போய் முட்டிக்கலாம்.

நான் அவர் மாதிரி கிடையாது. பெரிய ஹோட்டல்ல லாண்டரியில இஸ்திரி போடறேன். எங்க நிறத்துல இருக்கிறவங்க எல்லாருக்கும் அங்க தரைக்குக் கீழதான் வேலை. லாண்டரி, பாத்திரம் கழுவற இடம், கொதிகலன். மேல வரவேற்புல எங்க ஆளு ஒருத்தரை நான் பாத்ததில்ல. வாடகைக்கு வீடு கேட்டா போன்ல காலியா இருக்கிற வீடு, நேர்ல போய் மூஞ்சியைக் காட்டினதும் காலியா இருக்காது. "நம்ம நாடு"ன்னு அவர் ஆரம்பிச்சா, "யாரோட நாடு?"ன்னு நான் ஆரம்பிப்பேன். எங்க வீட்டுச் சண்டையில பாதி இதுதான்.

அப்படிப்பட்ட வீட்டுல இந்த வருஷம் ஒரு சேதி வந்து விழுந்துச்சு. காலேஜ் போற எங்க பொண்ணு, பாப்பாவை, ஊர்வலத்துக்குத் தேர்ந்தெடுத்துட்டாங்க. எங்க இனத்துக்கான இடத்துல, ஊர்தி மேல நிக்கிறதுக்கு.

மனுஷனுக்குத் தலைகால் புரியல. குப்பை லாரியில முன்னாடி ஒரு டம்ளர் நிறைய தண்ணி வச்சு, அது தளும்பாம ஓட்டிப் பழகினாரு. பின்னாடி நிக்கிற கிளீனர், "ஏன்யா, குப்பைக்கு எதுக்குய்யா இவ்ளோ பதவிசு?"ன்னு தலையில அடிச்சுக்கிட்டானாம். "பாப்பா கம்பியைக்கூடப் பிடிக்க வேண்டாம், ரெண்டு கையையும் தூக்கி ஆட்டலாம், அந்த மாதிரி ஓட்டறேன் பாரு"ன்னு தினமும் ஒரே பாட்டு. என்னை மட்டும் என்ன சொல்றது? அவ உடுப்பை ஹோட்டல்லயே வச்சு, மடிப்பு மடிப்பா நானே இஸ்திரி போட்டேன். ஒருவேளை இந்த ஆள் சொல்றதுதான் சரியோன்னு எனக்கே தோணிப்போச்சு. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அன்னைக்கு எனக்கும் பெருமையாதான் இருந்துச்சு.

அந்த நாள் காலையில மைதானத்துக்குப் போய்ச் சேந்தோம். அவரை அதுக்குள்ள உள்ள விட்டுத் தகட்டை முடுக்கியாச்சு. உள்ளயிருந்து அவர் இருமற சத்தம் மட்டும் கேட்டுது. பாப்பா படியில கால் வைக்கப் போறா, கழுத்துல அட்டை தொங்கவிட்ட அதிகாரி ஒருத்தர் ஓடி வந்தாரு.

"ஏம்மா, சின்னதா ஒரு மாத்தம்" அப்படின்னாரு.

நடந்தது இதுதான். ஆட்சியில ரெண்டு கட்சி கூட்டு. ஒரே கட்டில்ல படுத்துக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் உதைச்சுத் தள்ளற கூட்டு. ஒரு கட்சி தன் ஆளோட பொண்ணு ஒண்ணை ஊர்தியில ஏத்திடுச்சாம். இன்னொரு கட்சி, "அப்போ எங்க தலைவரோட தங்கச்சி பொண்ணும் ஏறணும், இல்லேன்னா நாங்க ஊர்வலத்துக்கே வரல"ன்னு ராத்திரி பூரா ரகளை. இருக்கிறது அஞ்சு இடம். யாரு இடத்துல கை வைக்கிறது? எங்க இடத்துல வச்சா ஏன்னு கேக்க நாதியில்ல. வச்சுட்டாங்க.

"அந்தப் பொண்ணு எங்க இனம் இல்லியே?"ன்னு கேட்டேன்.

"அதுக்கென்னம்மா, உடுப்பு இருக்கு. நிறத்தைப் பூசிக்கலாம்" அப்படின்னாரு. கூசாம சொன்னாரு. அங்க பாத்தா, ஒரு நாற்காலியில அந்தப் பொண்ணை உக்கார வச்சு, கழுத்து வரைக்கும் பழுப்பு மையைப் பஞ்சால தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க. எங்க நிறத்துக்கு மேல வேலை கிடையாது, வீடு கிடையாது. மேக்கப் டப்பாவுல மட்டும் இடம் உண்டு!

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நேரா ஊர்திகிட்ட போயிட்டேன். தகட்டுல ஒரு அறை அறைஞ்சு, "யோவ், இறங்குய்யா வெளியில"ன்னு கத்தறதுக்குக் கைய ஓங்கிட்டேன். பாப்பா வந்து கையைப் பிடிச்சுக்கிட்டா.

"அம்மா, சொல்லாத. அப்பா வண்டிய நிறுத்திடுவாரு. நிறுத்தினா வேலை போயிடும்."

"போகட்டும்டி!"

"வேலைகூடப் போகட்டும். அவருக்கு அப்புறம் என்னம்மா இருக்கு?"

ஓங்கின கையை இறக்கிட்டேன். பேண்டு வாத்தியம் ஆரம்பிச்சுடுச்சு. ஊர்தி நகர்ந்துச்சு.

நாங்க ரெண்டு பேரும் நடைபாதையில, கூட்டத்துக்கு உள்ள புகுந்து புகுந்து, ஊர்திகூடவே நடந்தோம். பாப்பா உடுப்பு மேல என் சால்வையைப் போத்திக்கிட்டா. சும்மா சொல்லக்கூடாது, அந்த மாதிரி ஒருத்தர் வண்டி ஓட்டி நான் பாத்ததில்ல. பள்ளம் வந்தா பூனை மாதிரி இறங்கி ஏறுது. திருப்பத்துல பூ ஒண்ணு உதிரல. மேல அஞ்சு பொண்ணும் கம்பியை விட்டுட்டு ரெண்டு கையையும் ஆட்டுது. ஜனங்க கைதட்டறாங்க. எங்க இனத்து ஆளுங்களும் தட்டறாங்க, மேல நிக்கிறது நம்ம பொண்ணுன்னு நினைச்சுக்கிட்டு. கிட்ட வர்றப்போ ஒரு கிழவர் மட்டும் உத்துப் பாத்துட்டுக் கையைக் கீழ போட்டாரு. எங்க வீட்டுக்காரர்கிட்ட போய்ச் சொல்லித் தொலைக்கவும் முடியல, பாத்துக்கிட்டு நடக்கவும் முடியல.

ஊர்வலம் முடியற இடத்துல மேஸ்திரி போல்ட்டைக் கழட்டினாரு. சட்டை உடம்போட ஒட்டி, கண்ணெல்லாம் செவந்து இவர் வெளியில வந்தாரு. வெயில்ல கண்ணு கூசுது, எதுவும் சரியாத் தெரியல அவருக்கு. ஆனா நேரா படிக்கட்டுக்குதான் ஓடினாரு. எங்க உடுப்பு போட்ட பொண்ணு இறங்கறதைப் பாத்து ரெண்டு கையையும் நீட்டினாரு.

"பாப்பா, பாத்தும்மா. அப்பா கையைப் பிடிச்சுக்க."

அந்தப் பொண்ணு பாவம், கையைப் பிடிச்சுக்கிட்டே இறங்கிச்சு. "ரொம்ப நல்லா ஓட்டினீங்க அண்ணே. ஆட்டமே தெரியல"ன்னுச்சு. அதுக்கு ஒண்ணும் தெரியாது.

அவர் தன் கையைப் பாத்தாரு. உள்ளங்கை பூரா பழுப்பா ஒட்டியிருந்துச்சு. கிரீஸ்னு நினைச்சிருப்பாரு, துண்டால துடைச்சாரு. அப்புறம் அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்தாரு. வேர்வையில மை கோடு கோடா வழிஞ்சு, காதுகிட்ட வெள்ளையா தெரிஞ்சுது. மெல்லத் திரும்பினவரு, கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயித்துக்கு இந்தப் பக்கம் நிக்கிற எங்களைப் பாத்தாரு.

"அப்போ மேல நீ நிக்கலியா?"

"கடைசி நேரத்துல மாத்திட்டாங்கப்பா."

அப்புறம் என்னைப் பாத்து, "யாருக்காகடி நான் இவ்ளோ மெதுவா ஓட்டிட்டு வந்தேன்?"னு கேட்டாரு. அவர் அப்படி ஒரு குரல்ல பேசி நான் கேட்டதில்ல. எத்தனையோ தடவை இவரை வாயாலயே கிழிச்சிருக்கேன். நான் ஜெயிச்ச அன்னைக்கு இப்படி இருக்கும்னு தெரிஞ்சிருந்தா ஒரு நாளும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

"கட்சிக்காரங்க அடிச்சுக்கிட்டா அதுக்கு நாடு என்ன பண்ணும்?"னு அவரே சொல்லிக்கிட்டாரு.

"தேசம், வண்டிய ஷெட்டுக்கு எடு"ன்னு மேஸ்திரி கத்தினாரு.

அவர் முகத்துல திடீர்னு ஒரு வெளிச்சம். பாப்பாகிட்ட ஓடி வந்தாரு. "ஏறும்மா. ஷெட் வரைக்கும் காலியாத்தான் போகுது. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நீ அந்தச் சால்வையை எடுத்துட்டு மேல போய் நில்லு. நான் இன்னும் மெதுவா ஓட்டறேன்."

ரோட்டுல ஜனமே இல்ல. கூட்டிப் பெருக்கறவங்க மட்டும் துடைப்பத்தோட இறங்கியிருந்தாங்க, எல்லாம் எங்க ஆளுங்க.

பாப்பா சால்வையை இன்னும் இழுத்துப் போத்திக்கிட்டா.

"வேண்டாம்பா. நான் பஸ்ல வரேன்."

அவர் சரின்னு தலையை ஆட்டினாரு. குனிஞ்சு உள்ள போனாரு. மேஸ்திரி தகட்டைத் தூக்கி வைக்கிறப்போ, உள்ளயிருந்து, "பஸ்ல கூட்டமா இருக்கும்மா"ன்னாரு.

அவ அதுக்குள்ள நடக்க ஆரம்பிச்சுட்டா.