ஆறு அங்குலமா, இரண்டா?

1

இந்தக் கதை என்னுடையதல்ல. டெக்சஸின் லப்பக் நகரில், ஹோலிஸ் என்ற மெக்கானிக்கின் பட்டறையில் என் காருக்கு பிரேக் மாற்றக் காத்திருந்த ஒரு முற்பகலில், பக்கத்து நாற்காலிகளில் இருந்த இருவர் பேசியதைக் கேட்டு எடுத்துக்கொண்டது. காதில் விழாத இடங்களை நானே நிரப்பியிருக்கிறேன்.

முதலில் ‘டெக்சஸ் சமவெளியின் காற்றுக்குத் திசையெல்லாம்...’ என்று தொடங்கி அடித்துவிட்டேன். காற்று காத்திருக்கட்டும். டெல்பர்ட் முதலில் வரட்டும்.

2

டெல்பர்ட் டீக்குக்கு ஐம்பத்திரண்டு வயது. போன வருடம் தானியக் கிடங்கு ஏணியிலிருந்து விழுந்ததில் முதுகெலும்பில் தகடு வைத்தார்கள். ஐந்து மாதம் வண்டியைத் தொட முடியவில்லை. பக்கத்து வீட்டு இர்மா சல்செதோதான் அவருடைய பிக்கப் வண்டியிலேயே வாரம் இரண்டு முறை அவரை பிசியோதெரபிக்குக் கூட்டிப்போய் வந்தார். இர்மா அறுபதை நெருங்குபவர். உயரம் நாலே முக்கால் அடி. போர்வையை மடித்து இருக்கையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துதான் ஓட்டுவார்.

இப்போது டெல்பர்ட் நடமாடத் தொடங்கிவிட்டார். படுக்கையில் கிடந்தபோதெல்லாம் மனதில் போட்டுவைத்திருந்த ஆசையோடு, இர்மாவையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்திருந்தார்: பிக்கப்பின் சஸ்பென்ஷனை மாற்றி, வண்டியை ஆறு அங்குலம் தூக்கிக் கட்ட வேண்டும். இர்மாவின் கார் போன மாதம் படுத்துவிட்டதால் அவரும் இப்போது இந்த வண்டியில்தான் போய்வருகிறார்.

“மண் ரோடு, மேடு பள்ளம்னு எங்கயாவது போவீங்களா?” என்றார் ஹோலிஸ்.

“இல்ல. கடை, சர்ச், ஆஸ்பத்திரி.”

“அப்ப முன்பக்கம் மட்டும் ரெண்டு அங்குலம் போதும். மூக்கு தாழ்ந்திருக்கறது சமமாயிடும். ஆறுன்னா டயர் பெரிசாகும், பிரேக் லேட்டாப் பிடிக்கும், வளைவுல சாயும். உங்க ஹெட்லைட் எதிர்ல வர்றவன் கண்ணைக் குத்தும். எனக்கு ஆறுதான் லாபம். இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம்.”

டெல்பர்ட் இர்மாவின் கால்களைப் பார்த்தார். “சரி, ரெண்டே வைங்க.”

(முதல் வரைவில் இங்கே இர்மா கண்கலங்கி நன்றி சொன்னார். அந்த வரி ஒட்டவேயில்லை. நான் கேட்டது வேறு.)

3

“யாரைக் கேட்டு ரெண்டுன்னே?” என்றார் இர்மா.

“நீங்க ஏறணும்ல?”

“என் காலை நீ ஏன் அளக்கறே? அஞ்சு மாசம் அந்த வண்டிய ஓட்டினவ நான். ஒரு லாரிக்குப் பின்னால மாட்டினா முன்னாடி ஒண்ணும் தெரியாது. ஆறே வை. படி ஒண்ணு மாட்டிக்கலாம். இந்த ஊர்ல நாலு பேரையாவது நான் குனிஞ்சு பார்க்கணும்.”

ஹோலிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் சொந்த பிக்கப்பின் சாவியை நீட்டினார். “இது ஆறு அங்குலம். ஒரு சுத்து போய்ட்டு வந்து சொல்லுங்க, மேடம்.”

4

(அந்த வண்டியில் நான் இல்லை. இதை எழுத எனக்கு உரிமை உண்டா என்று இரண்டு நாள் யோசித்தேன்.)

இர்மா ஓட்டினார். புறவழிச்சாலையில் பக்கக்காற்று வண்டியைத் தள்ளியது. அவர் அதை ரசித்தார். பாலத்தின் இணைப்புகளில் வண்டி தூக்கிப்போட்டபோது, அதுவரை பேசிக்கொண்டு வந்த டெல்பர்ட் சட்டென்று பேச்சை நிறுத்தினார். கதவுக் கைப்பிடியைப் பற்றிய விரல்கள் வெளுத்திருந்தன. இர்மா ஓரங்கட்டினார்.

“வலிக்குதா?”

“இல்லையே. உங்களுக்குப் பிடிச்சிருக்குல்ல?”

“பொய் சொல்லாதே. உன் முதுகை எனக்குத் தெரியும்.”

டெல்பர்ட் கண்ணாடிக்கு வெளியே பருத்திக்காட்டைப் பார்த்தபடி சொன்னார்: “அஞ்சு மாசத்துல நீங்க ஒரு நாள்கூட லேட்டா வரல. அதுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. வண்டிய உங்களுக்குத் தோதா ஆக்கிட்டா, சொன்ன மாதிரி இருக்கும்னு நினைச்சேன்.”

இர்மா எஞ்சினை நிறுத்தினார்.

“என் பொண்ணு டென்வருக்குப் போன புதுசு அது. காலைல எழுந்தா போறதுக்கு ஒரு இடம் இல்ல எனக்கு. செவ்வாயும் வியாழனும் நீ ரெடியா வாசல்ல நிப்பே. யாருக்கு யாரு சொல்லணும், டெல்பர்ட்?”

காற்று வண்டியை ஆட்டிக்கொண்டிருந்தது.

5

இதை நான் நேரில் பார்த்தேன். இருவரும் உள்ளே வந்தார்கள். “என்ன முடிவு?” என்றார் ஹோலிஸ். இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள்.

“ரெண்டு” என்றார் இர்மா.

“ஆறு” என்றார் டெல்பர்ட்.

நான்கு என்று நானே முடித்துவைத்திருக்கலாம். அப்படி ஒரு முடிவும் எழுதிப்பார்த்தேன். ஹோலிஸ் நீதிபதிபோல் ஆகிவிட்டார், கிழித்துவிட்டேன். அதற்குள் என் கார் தயாராகிவிட்டது. நான் சாவி வாங்கும்போதும் அவர்கள் ஓயவில்லை. ஹோலிஸ் மூவருக்கும் காபி ஊற்றிக்கொண்டிருந்தார்.

நவம்பரில் ஒரு சிக்னலில் அந்த பிக்கப் என் பக்கத்தில் வந்து நின்றது. இர்மா ஓட்டினார். டெல்பர்ட் மடியில், சோளமாவில் அவிக்கும் டமாலே நிறைந்த பெரிய பாத்திரம், இரு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். என்னவோ சொல்லி இர்மாவைச் சிரிக்கவைத்தார். பச்சை விழுந்தது, போய்விட்டார்கள். வண்டியின் உயரத்தைப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை.

எத்தனை அங்குலம் என்பதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு அவர்கள் இருவரையும் சம்மதிக்கவைப்பது உங்கள் பாடு.